மங்களாவுக்கு இன்னொரு தோழி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூரிலிருந்து பஸ் பிடித்து நரசீபுரம் போனேன். மடியில் ஒரு பை. பைக்குள் ஒரு ஸ்டீல் டப்பா. டப்பாவுக்குள் நானே வறுத்து, பொடித்து, வெல்லம் சேர்த்த எள்ளுப் பொடி.

நரசீபுரத்தில் அன்றைக்கு ஆற்றங்கரையில் சாப்பாட்டுத் திருவிழா. ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது. தெருவுக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு அயிட்டம். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. எந்தப் பந்தலில் சட்டி சீக்கிரம் காலியாகிறதோ அந்தத் தெருக்காரர்கள் அடுத்த வருஷம் வரை தலை நிமிர்ந்து நடப்பார்கள். அவ்வளவுதான்.

கிளம்பும்போது என் கணவர் கேட்டார். “நீ சாப்பிடப் போறியா, சமைக்கப் போறியா?”

“ரெண்டுக்கும்தான். நான் இல்லாம மங்களாவுக்கு ஓடுமா?”

இந்தப் பதிலில் எவ்வளவு கர்வம் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு மங்களாவைத் தெரியும். துணி காயப்போடப் போய் மொட்டை மாடியில் குரங்கோடு பேச்சுவார்த்தை நடத்தியவள் — அவளேதான். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைசூர் ஹெப்பாளில் எங்கள் குடியிருப்பில் எனக்கு எதிர்வீடு. அவள் ஹனூர் பக்கம், நான் கொள்ளேகால் பக்கம். இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் ஃபேக்டரியில் வேலை. அவள் வீட்டுச் சாவி என்னிடம், என் வீட்டுச் சாவி அவளிடம். இப்படியே இருபது வருஷம் போயிற்று.

எங்கள் குடியிருப்பில் எந்த விசேஷம் என்றாலும் சந்தகை எங்கள் பொறுப்பு. சந்தகை தெரியும் அல்லவா? வெந்த மாவுருண்டையைச் சூட்டோடு மெஷினில் போட்டு, நூல் நூலாகப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் எள்ளுப் பொடியும் போட்டுச் சாப்பிடுவது. கன்னடக்காரர்கள் அதையே ஒத்து ஷாவிகே என்பார்கள். பெயர்தான் வேறு.

அந்த மெஷினில் ஒரு சங்கடம் உண்டு. மூன்று கால் இரும்பு. மேலே கைப்பிடி. ஒருவர் சுற்ற வேண்டும், சுற்றும்போது மெஷினும் சேர்ந்து சுழலாமல் இன்னொருவர் காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். தனி ஆளால் ஆகாது. எங்கள் கணக்கில் மங்களா சுற்றுவாள், நான் பிடிப்பேன். ஒரு தடவைகூட அவள் கைப்பிடியை எனக்கு விட்டுக் கொடுத்ததில்லை. “உன் கைக்கு பலம் பத்தாது, நீ புடி” என்பாள். நானும் பிடிப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். நரசீபுரத்தில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மைசூரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடும் தூரம். என்ன பெரிய பிரிவு? தினமும் போன் பேசினோம். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் மெல்ல ஒரு பெயர் நுழைந்தது. ரத்னா.

“ரத்னா சொன்னா…” “ரத்னாவும் நானும் சந்தைக்குப் போனோம்…” “இரு செல்வி, ரத்னா வந்திருக்கா, அப்புறம் கூப்பிடறேன்…”

ரத்னா அவள் பக்கத்து வீட்டுக்காரி. வாசல் அறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை.

ஒன்று சொல்லுங்கள். வீட்டுக்காரர் இன்னொருத்தியிடம் சிரித்துப் பேசினால் நமக்குக் கோபம் வரலாம். ஊரே நம் பக்கம் நிற்கும், டிவியில் அதற்கென்றே சீரியல் ஓடும். மகன் மருமகள் பேச்சைக் கேட்டால் மனம் கோணலாம், அதற்கும் ஆறுதல் சொல்ல ஆள் உண்டு. ஆனால் ஐம்பது தாண்டிய ஒருத்தி, தன் தோழிக்கு வேறு தோழி கிடைத்துவிட்டாள் என்று வயிறு எரிந்தால்? யாரிடம் போய்ச் சொல்வது? ஸ்கூல் பிள்ளையா என்று சிரிக்க மாட்டார்களா?

அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. எள்ளு வறுத்தேன்.

நரசீபுரத்தில் காவிரியும் கபினியும் ஒன்று சேர்கின்றன. கரையோரம் வரிசையாகப் பந்தல்கள். ஒரு பந்தலில் ராகி முத்தே என்கிற களியை உருட்டி உருட்டித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் அக்கி ரொட்டி, அதாவது அரிசி ரொட்டி. மீன்பிடிக்கிறவர்கள் தெருப் பந்தலில் மீன் பொரிகிற புகை. அந்தப் பக்கம் காற்று அடித்தால் சைவக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைக் பிடித்தவர் ஓயாமல் கன்னடத்தில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிசல்களில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள்.

மங்களாவின் தெருப் பந்தலைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். சந்தகைப் பந்தல். வரிசை ஆலமரம் வரை நின்றது. பந்தலுக்குள் மங்களா பச்சைச் சேலையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. அவளும் அதே பச்சைச் சேலை. அதே பார்டர்.

எனக்கும் மங்களாவுக்கும் இருபது வருஷத்தில் ஒரே மாதிரிச் சேலை எடுக்கத் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை? அந்த நிமிஷத்தில் எனக்கு அது ஒரு பெரிய கேள்வியாகப் பட்டது.

“வந்துட்டியா செல்வி,” என்று மங்களா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஒரு கையால்தான். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

“இவதான் ரத்னா.”

“பன்னி அக்கா, பன்னி,” என்று கன்னடத்தில் வரவேற்று ரத்னா ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டாள். “மங்களக்கா தினம் உங்க பேச்சுதா.”

தமிழ். ஸ்வல்பம் கன்னடம் ஒட்டிய தமிழ். “எங்க கத்துக்கிட்டீங்க?” என்றேன்.

“மங்களக்காதா சொல்லிக் கொடுத்தாங்க.”

என் சொந்த மகள் என்னிடம் கன்னடத்தில் பதில் சொல்கிறாள். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடு என்று மங்களாவிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். “எனக்கு அதுக்கெல்லாம் பொறுமை இல்ல” என்றவள் இவள்.

சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனேன். மங்களா தடுத்தாள்.

“ஏ, நீ எங்க வர்றே? உக்காரு. நீ கெஸ்ட் இல்லியா? மொதல்ல சாப்பிடு.”

கெஸ்ட்.

உட்கார்ந்தேன். இலைத் தட்டில் சந்தகை வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே எள்ளுப் பொடி தூவி. எள்ளுப் பொடி ஏற்கெனவே இருந்தது. ரத்னா செய்ததாம். என் பையை மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டேன்.

நன்றாக இல்லை என்றாவது இருந்திருக்கலாம். நன்றாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். ரத்னா கைப்பிடியைச் சுற்றினாள். தெருக்காரப் பெண் ஒருத்தி காலைப் பிடித்தாள். மங்களா ஓரமாக நின்று மாவுருண்டை எடுத்துப் போட்டாள், விழுகிற சந்தகையைத் தட்டில் வாங்கினாள். சுற்றவே இல்லை. அந்தப் பக்கமே போகவில்லை.

இருபது வருஷமாக என்னிடம் கொடுக்காத கைப்பிடி. இரண்டு வருஷப் பழக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

வாய்க்குள் இருந்ததை விழுங்கினேன். எழுந்தேன். கை கழுவினேன். நேராகப் போய் அந்தத் தெருக்காரப் பெண்ணிடம், “நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லிவிட்டு மெஷின் காலைப் பிடித்தேன்.

“ரத்னா, நீங்களும் உக்காருங்க. மங்களா, வா. நீ சுத்து, நான் புடிக்கறேன். பழைய மாதிரி.”

குரல் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். மங்களா சிரித்தாள். ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினாள்.

ரத்னாவின் கை குறுக்கே வந்தது.

“பேட அக்கா, வேண்டாம். அவங்க சுத்தக் கூடாது.”

“ஏன் கூடாது?”

ரத்னா மங்களாவைப் பார்த்தாள். மங்களா ஆற்றைப் பார்த்தாள்.

“கை வலி, வேற ஒண்ணுமில்ல,” என்றாள் மங்களா. ஆனால் ரத்னாவின் முகத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மங்களா, ஏன் சுத்தக் கூடாது?”

வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் தட்டை நீட்டியபடியே காத்திருந்தார். மங்களா பெருமூச்சு விட்டாள். “வா, படித்துறைக்குப் போலாம்” என்றாள்.

படித்துறையில் உட்கார்ந்து சொன்னாள். அக்குளில் ஒரு கட்டி. மழைக்காலத்துக்கு முன்னால் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. மைசூர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரும் வரை வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சாதாரணக் கட்டி என்று வந்தது. இன்னும் கொஞ்ச காலத்துக்கு அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது, சுற்றக் கூடாது. அவ்வப்போது செக்கப் போக வேண்டும்.

“மழைக்கு முன்னாடியா? அப்ப நீ என்கூட போன்ல பேசினியே. ஊறுகாய் போட்டேன்னு சொன்னியே.”

“ஊறுகாயும் போட்டேன்.”

“மைசூருக்கு வந்துட்டு… என் வீட்டுக்கு வராம போயிருக்கே.”

“ஆமா.”

“ஆஸ்பத்திரிக்கு யார் கூட வந்தா?”

சாதாரணக் கட்டி என்று கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது, அது நிஜம். ஆனால் அந்த நிம்மதி உட்காருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிட்டது. பாருங்கள் என் புத்தியை.

“ரத்னாதான். எங்க வீட்டுக்காரர் பயந்துட்டார், கூட வந்து வெளிய உக்காந்துக்கிட்டார். ரத்னாதான் ஃபைலைப் புடிச்சா, டாக்டர்கிட்ட பேசினா. வீட்டுக்கு வந்தப்புறம் கையைத் தூக்க முடியல. தினம் வந்து தலை வாரி விட்டா.”

“தலை வாரி விட்டாளா?”

“பின்னல் போட்டு விட்டா.”

ஆபரேஷனைவிட அந்தப் பின்னல் என்னை அதிகமாகக் குத்தியது.

“ஏன் என்கிட்ட சொல்லல மங்களா? பத்தியில எழுதிருவேன்னா?”

“அதுவும் ஸ்வல்ப இருந்துது,” என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. அப்புறம் போனது. “அது இல்ல செல்வி. உன்கிட்ட சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் உன்னைத் தேத்தணும். அப்ப எனக்கு யாரையும் தேத்தத் தெம்பு இல்ல. ரத்னாகிட்ட சொன்னேன், அவ ஆட்டோ கூப்பிட்டா.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

“பாத்தியா,” என்றாள் மங்களா. “ஆரம்பிச்சுட்டே.” முந்தானையை எடுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அந்தப் பச்சைச் சேலை முந்தானைதான்.

ஒருவரிடம் மிக நெருக்கமாக இருப்பதில் இப்படி ஒரு நஷ்டம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. நம் துக்கத்தை அவர்களிடம் கொண்டுபோனால் அது இரண்டு பேர் துக்கமாகத் திரும்பி வருகிறது. கொஞ்சம் தள்ளி நிற்கிறவர்தான் ஆட்டோ கூப்பிட முடியும். இது அறிவுக்குப் புரிகிறது. வயிற்றுக்குப் புரிய வேண்டுமே…

பந்தலுக்குத் திரும்பினோம். யாரோ உறவுக்காரர்கள் பரிசலில் வந்து இறங்கினார்கள் என்று மங்களா அவர்களை வரவேற்கப் போனாள். தெருக்காரப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். வரிசை அப்படியே நின்றது. மெஷினுக்குப் பக்கத்தில் ரத்னா தனியாக நின்றுகொண்டிருந்தாள். தனி ஆளால் ஆகாது என்று சொன்னேன் அல்லவா?

பையை மடியில் இடுக்கிக்கொண்டு நான் குந்தி உட்கார்ந்து மெஷின் காலைப் பிடித்தேன். அவள் சுற்றினாள்.

பலமான கைதான். மெஷின் என்னையும் சேர்த்து இழுத்தது. மூன்று நான்கு தட்டு நிரம்பியது.

“கோபமா அக்கா?” என்றாள் ரத்னா.

“இல்லையே.”

“எனக்கு இருந்துது,” என்றாள். சுற்றுவதை நிறுத்தவில்லை. “நீங்க வர்றீங்கன்னு சொன்னதுல இருந்து மங்களக்கா வீட்டைத் தொடைக்கறாங்க. செல்விக்கு தேங்காய்ப்பால் கெட்டியா இருக்கணும், செல்விக்கு ஏலக்காய் ஆகாது… எனக்கு ஒரே ஹொட்டெகிச்சு.”

ஹொட்டெகிச்சு. பொறாமைக்குக் கன்னடத்தில் சொல்வது. ஹொட்டெ என்றால் வயிறு, கிச்சு என்றால் நெருப்பு. நாம் வயிற்றெரிச்சல் என்கிறோம், அவர்கள் வயிற்று நெருப்பு என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பாஷைக்கும் தகராறே இல்லை.

“உங்களுக்கு எதுக்குங்க பொறாமை? நீங்கதான் எல்லாம் செஞ்சிருக்கீங்க. ஆஸ்பத்திரி, தலை வாரினது…”

ரத்னா கைப்பிடியை நிறுத்தினாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“ஆபரேஷன் ஆகி வெளிய கொண்டு வந்தாங்க அக்கா. மயக்கம் இன்னும் தெளியல. நா கை புடிச்சுட்டே உக்காந்திருந்தேன். அப்போ மங்களக்கா என்னமோ சொன்னாங்க. குனிஞ்சு கேட்டேன். ‘செல்வி, நல்லாப் புடி, விடாதே’ன்னு சொன்னாங்க.”

என் கைகள் மெஷின் காலைப் பிடித்திருந்தன. இரும்பு சூடாக இருந்தது.

“புடிச்சிருந்தது நா,” என்றாள் ரத்னா. “சொன்னது உங்க பேரு.”

அந்த நிமிஷம் எனக்கு வந்தது என்ன என்று நேர்மையாகச் சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ… சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம். கட்டி, மயக்கம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தாண்டி, ஆற்றைத் தாண்டி அக்கரைக்கே போய்விட்ட சந்தோஷம். ஐந்து நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம் ரத்னாவின் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது.

அதற்கு மேல் சந்தோஷப்பட முடியவில்லை.

“சுத்துங்க ரத்னா,” என்றேன். “ஆலமரம் வரைக்கும் நிக்கறாங்க.”

சுற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, “மடியில என்ன பை அக்கா? வந்ததுல இருந்து கீழ வெக்கவே இல்ல” என்றாள். டப்பாவைத் திறந்து காட்டினேன். விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுடைய எள்ளுப் பொடிச் சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு என் டப்பாவை முன்னால் வைத்தாள்.

“இதை மொதல்லயே கொடுத்திருக்கலாம்,” என்றாள். குரலில் ஹொட்டெகிச்சு இருந்தது. எனக்குத்தான் அந்தச் சத்தம் நன்றாகத் தெரியுமே.

மத்தியான வெயில் சாய்வதற்குள் எங்கள் பந்தலில் மாவு தீர்ந்துவிட்டது. அக்கி ரொட்டிப் பந்தலுக்கு முன்னாலேயே தீர்ந்தது என்று மைக்கில் சொன்னார்கள். தெருவே கை தட்டியது. மங்களா ஒரு கையால் என் தோளையும் ரத்னாவின் தோளையும் மாறி மாறித் தட்டினாள். யாருக்கு அதிகம் தட்டினாள் என்று நான் பார்க்கவில்லை. சரி, பார்த்தேன். சமம்தான்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது, “இதை எழுதட்டுமா?” என்று மங்களாவிடம் கேட்டேன்.

“எழுது. பேரை மட்டும் மாத்தாதே. மாத்தினா, யாரது யாரதுன்னு எல்லாரும் தேட ஆரம்பிப்பாங்க.”

“அடுத்த செக்கப்புக்கு நான் வர்றேன்.”

“அழக் கூடாது.”

“அழ மாட்டேன்.”

“ரத்னாவும் வருவா.”

“வரட்டுமே,” என்றேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்.

இந்த வாரம் செக்கப். மைசூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். இரண்டு பேரும் இறங்கினார்கள். மங்களாவின் பின்னல் இன்னும் ரத்னா போட்ட பின்னல்தான் — என்னால் அவ்வளவு இறுக்கமாகப் போட வராது. ஆட்டோவில் மங்களா நடுவில் உட்கார்ந்தாள், நாங்கள் இரண்டு பக்கமும். வழியெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசினோம். நான் அழவில்லை. ஆட்டோ கூப்பிட்டதும் நான்தான், அதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மங்களாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, பேஷண்ட்டோடு ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்.

நானும் ரத்னாவும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

மங்களா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். “நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, கைப்பையைக் கழற்றி ரத்னாவிடம் கொடுத்தாள். செல்போனை என்னிடம் கொடுத்தாள். தனியாக உள்ளே போனாள்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரத்னாவின் கை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது. என் கையை அதன் மேல் வைத்தேன். அவள் முறுக்குவதை நிறுத்தினாள். கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மங்களா சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதுமாம். கையால் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யலாமாம். மூன்று பேரும் கேன்டீனில் காபி சாப்பிட்டோம். நான் அழவில்லை என்று மங்களா பாராட்டினாள். அழுதது ரத்னா.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி, பெண் வாசகர்கள் யாராவது தீர்த்து வைத்தால் நல்லது — கைப்பை பெரிதா, செல்போன் பெரிதா?